கொள்முதல் மட்டும் நடக்கும் கடை

கேள்வி:

ஆடிட்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 32. பி.காம். முடித்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் அப்பா நடத்தும் பாத்திரக் கடையில் எட்டு வருடமாக இருக்கிறேன். முன்னேற வேண்டும் என்ற வெறி எனக்கு உண்டு. தினமும் இரண்டு பேப்பரில் வணிகப் பக்கம் படிக்கிறேன். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் நாற்பதுக்கு மேல் படித்துவிட்டேன். ஒரு கம்பெனி ஜெயித்தாலும் தோற்றாலும் அதில் எனக்கு என்ன பாடம் என்று நோட்டில் எழுதி வைப்பேன். மூன்று வருடத்தில் ஏழு நோட்டு நிறைந்துவிட்டது. ஆனால் நான் அப்போது எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன். கடையும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் பழைய நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் 'ஒரே தொழிலில் நிலைத்து நின்றவனே ஜெயிக்கிறான்' என்று இருக்கிறது. பதினாலு பக்கம் தள்ளி 'மாறாதவன் அழிவான்' என்று இருக்கிறது. இரண்டுக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். எதை நம்புவது? ஜெயித்தவர்கள் மாதிரி விடியற்காலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன். ஒன்பது நாள்தான் ஓடியது. படிக்கும் புத்தகங்கள் சரியில்லையா, என்னிடமே குறையா? அப்பா 'ஏட்டுச் சுரைக்காய்' என்கிறார். மனைவி 'இவ்வளவு எழுதி என்ன மாறிச்சு' என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. சில பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கடலூர்)

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பதினோரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். மேலே தேதி, இடது ஓரத்தில் கம்பெனி பெயர், கீழே சிவப்பு மையில் பாடம். மூன்று வருடம் விடாமல் இப்படி எழுதுகிறவரிடம் ஒழுங்கு இல்லை, உழைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்னிடமே குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்தை முதலில் எடுத்துத் தூரப் போடுங்கள்.

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. அந்தப் பதினோரு பக்கத்தில் ஃபின்லாந்து வருகிறது, அமெரிக்கா வருகிறது, ஜப்பான் வருகிறது. திருப்பாதிரிப்புலியூர் பாத்திரக் கடை ஒரு வரியில்கூட வரவில்லை.

நான் மஞ்சக்குப்பத்தில் இருபத்தாறு வருடமாக ஆடிட்டர் வேலை பார்க்கிறேன். மனசைப் பற்றிப் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, கொள்முதல் மட்டும் நடக்கிற ஒரு கடை. சரக்கு வந்துகொண்டே இருக்கிறது, தட்டுத் தட்டாக ஏறுகிறது. விற்பனைப் பில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒரு கடையின் கணக்கு என் மேசைக்கு வந்தால், சரக்கு உசத்தியா மட்டமா என்று கேட்க மாட்டேன். ஏன் எதுவுமே வெளியே போகவில்லை என்றுதான் கேட்பேன். உங்கள் புத்தகங்கள் நல்ல புத்தகங்கள்தான்.

சரி, முதலில் அந்த முரண்பாட்டைப் பார்ப்போம். 'மாறாதவன் அழிவான்' என்ற வரிக்கு நேரே நோக்கியா என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014-ல் மூடப்பட்ட அந்த ஆலையைத் தமிழ்நாட்டில் மறந்தவர்கள் கிடையாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் அங்கே போய் வேலை பார்த்தார்கள். சரி, அந்தக் கம்பெனியின் கதையை முன்னாலிருந்து படித்துப் பாருங்கள். 1865-ல் ஃபின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. 1967-ல் ரப்பர் கம்பெனியும் கேபிள் கம்பெனியும் அதோடு ஒன்றாகச் சேர்ந்தன. நூறு வருடத்துக்கு மேல் மாறிக்கொண்டே வந்த கம்பெனி அது. 1990-களில் மற்ற தொழில்களையெல்லாம் கழற்றிவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் உலகத்திலேயே பெரிய செல்போன் கம்பெனி ஆனது. 1998-ல் யாராவது அதைப் பற்றி எழுதியிருந்தால் 'ஒரே தொழிலில் நில்' என்று எழுதியிருப்பார்கள். ஸ்மார்ட்போன் வந்து, கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டிடம் 2014-ல் கொடுத்து முடித்தபோது எழுதியவர்கள் 'மாறாதவன் அழிவான்' என்றார்கள். அத்தோடு அது அழிந்தும் போகவில்லை. இன்றைக்குச் செல்போன் கோபுரங்களுக்கான கருவிகளை விற்கும் பெரிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

உங்களுடைய இரண்டு வரியும் ஒரே கம்பெனிக்குப் பொருந்துகின்றன. கதையை எந்த வருடத்தில் நிறுத்துகிறோமோ அதற்குத் தக்கபடி பாடம் மாறிவிடுகிறது. எங்கள் தொழிலில் இருப்புநிலைக் குறிப்பின் (பாலன்ஸ் ஷீட்) தலையிலேயே 'மார்ச் 31-ஆம் தேதி நிலவரப்படி' என்று எழுதுவோம். அந்தத் தேதி இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த நாளே நிலவரம் வேறாக இருக்கலாம். உங்கள் நோட்டில் தேதி இருக்கிறது, ஆனால் அது நீங்கள் படித்த தேதி. கம்பெனியின் எந்த நிலவரத்திலிருந்து அந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்பது எங்கேயும் இல்லை.

அதனால் பாடத்தைக் கட்டளையாக எழுதுவதை நிறுத்துங்கள், கேள்வியாக எழுதுங்கள். கோடாக் பக்கத்தில் 'புதுமை செய்' என்று எழுதியிருக்கிறீர்கள். டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் 1975-ல் செய்து காட்டியவர் அந்தக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன்தான். புதுமைக்கு அங்கே பஞ்சமில்லை. ஃபிலிம் சுருளில் வந்த லாபம் அவ்வளவு ருசியாக இருந்தது, அதைக் குறைக்கும் எதையும் முழு மனசோடு செய்ய முடியவில்லை. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள். இதிலிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி வரும்: எங்கள் கடையில் எந்த வருமானம் நன்றாக இருப்பதால் வேறு எதையும் பார்க்காமல் இருக்கிறோம்? பாத்திரக் கடைக்கு அது பெரும்பாலும் சீர்வரிசைதான். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம், ஆடி வந்தால் ஈ ஓட்டுகிறோம். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை கிடையாது, கோடாக்கிடமும் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து யோசித்தால் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

அடுத்து நம் ஊர்ப் பக்கம். சிக் ஷாம்பூ விற்கும் கெவின்கேர் கம்பெனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, 'வெறும் 15,000 ரூபாயில் தொடங்கினார்! முதல் முக்கியமில்லை, துணிச்சல்தான் முக்கியம்' என்று சிவப்பு மையில் முடித்திருக்கிறீர்கள். கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் பெருமையான கதை அது. சி.கே. ரங்கநாதன் 1983-ல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் சிக் ஷாம்பூவைத் தொடங்கியது உண்மை. ஆனால் கணக்குப் பார்க்கிறவளுக்கு அந்த 15,000 முழு முதலாகத் தெரியவில்லை. அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன், டப்பாவில் மட்டும் விற்ற முகப்பவுடரையும் பெரிய பொட்டலமாக விற்ற எப்சம் உப்பையும் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்றவர். கையில் காசு கொஞ்சமாக இருக்கிற ஆளும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஷாம்பூ பாக்கெட்டும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான், அண்ணன்மார் வெல்வெட் ஷாம்பூ நடத்திக்கொண்டிருந்தார்கள். பாக்கெட் எப்படிப் போடுவது, கிராமத்துப் பெட்டிக்கடைக்கு எப்படிக் கொண்டுபோவது, எந்த வீட்டில் எது விலைபோகும் என்பதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். இந்தச் சொத்தை எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் எழுத முடியாது. 15,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி, ஆறு மாதத்தில் அதையும் விட்டவர்களின் கோப்பு என் அலமாரியில் அடித் தட்டு முழுக்க இருக்கிறது. அவர்களைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வராது. அவர்களும் துணிச்சல்காரர்கள்தான்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. காலி பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். மற்றக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் சிக்கைத் தொட்டுப் பார்க்க அது வழி செய்தது. கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். தொட்டுப் பார்த்தவர் இப்போது சிக்கையே கேட்டு வாங்க வேண்டும். ஒன்றைச் செய்து, என்ன நடக்கிறது என்று பார்த்து, அடுத்ததை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் இரண்டு பக்கத்தில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. பதினைந்தாயிரம் என்ற எண் கண்ணைப் பறித்துவிட்டது.

அந்த மாதிரி எனக்கும் ஒரு எண் கண்ணைப் பறித்தது. 2005-ல் வேகமாக வளர்ந்த ஆடிட்டர் நிறுவனங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எல்லோரும் இரண்டாம் வருடத்திலேயே கிளை திறந்திருந்தார்கள். நானும் புதுச்சேரியில் ஓர் அறை பிடித்து, போர்டு எழுதி மாட்டினேன். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அப்போது ஜிஎஸ்டி கிடையாது. புதுச்சேரிக்கு விற்பனை வரிச் சட்டம் வேறு, நமக்கு வேறு. அங்குள்ள வியாபாரிகள் நாளும் நேரில் பார்க்கக்கூடிய ஆளைத்தான் நம்பினார்கள். நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய் வந்தேன். பதினாலு மாதத்தில் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதங்களில் மஞ்சக்குப்பத்தில் என்னையே நம்பியிருந்த மூன்று கடைக்காரர்கள் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்கள். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. கட்டுரையில் வந்த நிறுவனங்களில் தலைக்கு நாலைந்து பங்குதாரர்கள். நான் ஒருத்தி. அந்த வரியும் கட்டுரையில் இருந்தது. நான் படிக்கும்போது தாண்டிப் போயிருக்கிறேன்.

சரக்கு இருப்பை நாங்கள் எப்படி மதிப்பிடுவோம் என்பது உங்கள் பி.காம். பாடத்தில் வந்திருக்கும். அடக்க விலை, இன்றைக்கு விற்றால் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைப் போட வேண்டும். உங்கள் கடையில் மேல் தட்டில் காகிதம் சுற்றிய அண்டாக்கள் நிச்சயம் இருக்கும். 1,800 ரூபாய்க்கு எடுத்தோம் என்று அப்பா சொல்வார். இன்று 1,200-க்குத்தான் கேட்பார்கள் என்றால் கணக்கில் அதன் மதிப்பு 1,200-தான். நோட்டில் இருக்கும் பாடங்களுக்கும் அந்த விதியைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் அது கோடி ரூபாய்ப் பாடமாக இருக்கலாம். திருப்பாதிரிப்புலியூர் கல்லாவில் அது என்ன பெறும் என்பதுதான் உங்கள் தொகை.

எங்கள் தெருவுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருகிறார். காலை எட்டு மணிக்கு வஞ்சிரத்துக்கு ஒரு விலை சொல்வார், பேரமே கிடையாது. பத்து மணிக்குக் கொஞ்சம் இறங்குவார். பதினொன்றரைக்குக் கூடையில் மிச்சம் இருப்பதை, போட்ட காசு வந்தால் போதும் என்று கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள், 'ஐஸ் வெச்சு நாளைக்கு விக்கலாமே' என்றேன். 'நாளைக்கு நாளைய மீன் வரும்மா' என்றார். அவருடைய சரக்கு அழுகும், அதனால் அவர் தினம் தினம் முடிவெடுக்கிறார். உங்கள் எவர்சில்வர் அழுகாது. ஒன்பது வருடம் கழித்துக் காகிதத்தைப் பிரித்தாலும் பளபளவென்று இருக்கும். அதனாலேயே அது தேங்கிப் போன சரக்கு என்று யாருக்கும் உறைப்பதில்லை. பாத்திரக் கடைக்காரருக்கு இது மீன்காரருக்கு இல்லாத ஒரு ஆபத்து. உங்கள் நோட்டில் எழுதிய பாடங்களும் எவர்சில்வர் மாதிரிதான், எத்தனை வருடம் கழித்துப் புரட்டினாலும் புதிதாகவே தெரியும்.

'அப்படியேதான் இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் எண் இல்லை. என் அப்பா கடலூர் முதுநகரில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சிட்டையை, அதாவது அன்றைய வரவு செலவுக் கணக்கை, முடித்தாக வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தார், கணக்கு இடித்தது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் பக்கத்தில் போய் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டத் தொடங்கினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, 'மொதல்ல வித்தியாசம் எவ்வளவுன்னு எழுது' என்றார். 27 ரூபாய். 'ஒன்பதால வகுபடுதா பாரு.' வகுபட்டது. 'அப்ப எண்ணு இடம் மாறியிருக்கும், அதை மட்டும் தேடு' என்றார். இரண்டாம் பக்கத்தில் 85 என்று இருக்க வேண்டியது 58 என்று ஏறியிருந்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகை ஏதாவது ஒரு பதிவோடு ஒத்துப்போனால், வரவில் வைக்க வேண்டியது பற்றில் ஏறியிருக்கலாம். கணினி வந்த பிறகும் என் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அதனால் முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு முன் மாத விற்பனை எவ்வளவு, இப்போது எவ்வளவு? வெளியே நிற்கும் கடன் அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு? ஒரு வருடத்துக்கு மேல் நகராத சரக்கு எத்தனை ரூபாய்க்கு இருக்கிறது? உங்கள் சொந்தக் கையிருப்பு எவ்வளவு? இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிவிட்டால், 'என்னிடமே குறையா' என்ற பெரிய இருட்டு, தேடக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும்.

காந்தியடிகள் லண்டனில் சட்டம் படித்த நாட்களில், பஸ் கட்டணம், தபால் தலை, பேப்பர் வாங்கிய சில்லறை வரைக்கும் எழுதி, தினமும் படுக்கப் போகும் முன் மீதியைக் கட்டியிருக்கிறார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணம் தன் கையில் புரண்டபோதும் கடன் இல்லாமல் நடத்த முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று 'சத்திய சோதனை'யில் சொல்கிறார். நாற்பது புத்தகத்தில் அதுவும் ஒன்றாக இருந்தால் மறுபடி அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். அச்சுக்கூடம் நடத்திய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களை எழுதி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போகவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று கட்டம் போட்ட சின்ன நோட்டில், தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைத்தார். அவருக்குக் கடைசிவரை பிடிபடாமல் தொந்தரவு கொடுத்தது 'ஒழுங்கு'. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். எட்டாவது நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் வழக்கம் போல நீங்கள் படித்ததை எழுதுங்கள். ஆனால் கேள்வியாக எழுதுங்கள். வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் கேள்வியை வைத்துக் கடையிலோ வீட்டிலோ நீங்கள் செய்தது என்ன, எந்தத் தேதி, எத்தனை ரூபாய், எத்தனை பேர் என்பதை மட்டும்தான் அங்கே எழுத வேண்டும். வலது பக்கம் நிரம்பாமல் அடுத்த இடது பக்கத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு, அவ்வளவுதான். இத்தாலிய வணிகர்களின் இந்த இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி 1494-ல் வெனிஸ் நகரத்தில் அச்சிட்டார். ஐந்நூறு வருடத்துக்கு மேலாகியும் எங்கள் தொழில் அந்த ஒரு விதியில்தான் ஓடுகிறது. பேப்பரில் வேறு நல்ல செய்தி வந்தால் படியுங்கள், தப்பில்லை. எழுத மட்டும் வேண்டாம்.

உதாரணத்துக்கு அந்தக் காலி பாக்கெட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இடது பக்கக் கேள்வி: எங்கள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமல் போகிறவர் யார்? இரண்டு வாரம் கல்லாவிலிருந்து கவனியுங்கள். சிப்காட்டில் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களாக இருக்கலாம், அல்லது கல்லூரிப் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களுக்கு ஆறு தட்டு, ஆறு டம்ளர் தேவைப்படாது. சீர்வரிசை அடுக்கைப் பார்த்ததும் இது நமக்கான கடை இல்லை என்று போய்விடுவார்கள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒருவருக்குப் பொங்கும் அளவில் ஒரு பாத்திரம். இதை ஒரு செட்டாகக் கட்டி, விலையைத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி எழுதி வாசலில் வையுங்கள். பெயர் வெட்டும் மெஷின் உங்கள் கடையிலேயே இருக்குமே, தட்டில் பெயர் வெட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து தங்கும் அறையில் யார் தட்டு எது என்பது பெரிய சண்டை. முப்பது நாள் நடத்துங்கள். எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை செட் போனது என்று வலது பக்கத்தில் எழுதுங்கள். மூன்றுதான் போனது என்றால் மூன்று என்றே எழுதுங்கள். ஏன் மூன்று என்று அடியில் ஒரு வரி. அந்த ஒரு வரி நீங்கள் எழுதிய ஏழு நோட்டிலும் இல்லாத சரக்கு. வேறு எவரிடமும் அது கிடைக்காது.

நாலரை மணி விஷயத்தை விட்டுவிடுங்கள். கடை அடைத்து, ஷட்டர் இறக்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்க உங்களுக்குப் பதினொன்றரை ஆகும். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்க முடியாது. ஒன்பது நாள் தாக்குப்பிடித்ததே அதிகம்.

மனைவி கேட்டதைப் பழிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்களிடம் எண் கேட்டேன், அவர் அதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். 'என்ன மாறணும்னு நீ நினைக்கிற, ஒண்ணே ஒண்ணு சொல்லு' என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது வலது பக்கத்தில் ஏற வேண்டிய முதல் பதிவாகக்கூட இருக்கலாம்.

இனி அப்பா. நீங்கள் எழுதியதிலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது, நகல் எடுத்த ஒன்பதாம் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில் எழுதியிருந்த ஒரு வரி. 'கடன் நோட்டு அப்பாவிடம். கேட்டால் கோபித்துக்கொள்வார்.' லாபம் காட்டிக்கொண்டே கையில் ரொக்கம் இல்லாமல் விழுந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைப் பற்றி அந்தப் பக்கத்தில் முழுசாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தும், உங்கள் சொந்தக் கடையின் கடன் நோட்டை நீங்கள் திறந்து பார்த்ததில்லை. தம்பி, நீங்கள் படிக்க வேண்டிய நாற்பத்தோராவது புத்தகம் அதுதான் என்று முழு மனசோடு சொல்கிறேன். சமையல் காண்டிராக்டர்கள் எத்தனை பேர் எவ்வளவு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், யார் தீபாவளிக்குத் தீர்ப்பவர், யார் பெயருக்கு நேரே அப்பா பென்சிலில் சுழித்து வைத்திருக்கிறார், ஏன் சுழித்தார் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

கேட்கிற விதத்தில் கேளுங்கள். 'நோட்டைக் குடுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன்' என்றால் எந்த அப்பாவுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். என்னை ஒதுக்குகிறான் என்றுதான் நினைப்பார். என்னிடம் வரும் கடைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் அப்பாவும் மகனும் முட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கைக் கேட்பதற்கு முன் கதையைக் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கடை என்ன ஆனது? பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த வருடம் விவசாயிகள் வீட்டுக் கல்யாணங்கள் தள்ளிப் போயிருக்குமே, தை மாத வியாபாரத்தை எப்படிச் சமாளித்தார்? கரண்ட் இல்லாத அந்த நாட்களில் என்ன விற்றது? யாருக்கு யோசிக்காமல் கடன் கொடுத்தார், அதில் யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 2015 வெள்ளத்தில்? 2020-ல் ஊரடங்கு வந்து முகூர்த்தமெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்தபோது மொத்த வியாபாரிக்குப் பணம் எங்கிருந்து புரட்டினார்? ஒரு சின்னக் கடை இத்தனையையும் தாண்டி நின்ற விவரம் எந்த வணிகப் பக்கத்திலும் வந்ததில்லை. அதைத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். 'ஏட்டுச் சுரைக்காய்' என்று அவர் சொன்னது, என்னிடம் ஏன் எதையும் கேட்கவில்லை என்ற வருத்தமாகவும் இருக்கலாம். அப்படித்தான் எனக்குப் படுகிறது. என் அப்பா போன பிறகு அவருடைய சிட்டைகளைப் புரட்டும்போது, இந்தப் பதிவு ஏன், அந்தச் சுழி ஏன் என்று கேட்க ஆள் இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஏழு நோட்டையும் தூக்கிப் போட வேண்டாம். பத்திரமாக வையுங்கள், கேள்வி தீர்ந்து போனால் அதில் தேடலாம். ஆடி முடிவதற்குள் அந்த நாலு எண்ணையும் எழுதிவிடுங்கள். மேல் தட்டு அண்டாக்களையும் ஏறி எண்ணிவிடுங்கள், இப்போது கடையில் நேரம் இருக்கும். மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது இடது பக்கங்கள் வேண்டாம், வலது பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அனுப்புங்கள்.